மலையேறும் ஜீப்பும் தவமணி வீட்டு அண்டாவும்

கரட்டடிப்பட்டியில் அடுப்புப் பற்றவைக்காமலே தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது ஒரு மாசி மாதத்துக் காலையில், அதுவும் இட்லிக்கடைத் தவமணியின் வீட்டில்தான் முதலில். அவள் புருஷன் சுருளிவேல் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு மலைப்பாதையின் முதல் வளைவுகளைத் திரும்பிக்கொண்டிருப்பான் என்கிற நேரத்தில், சமையல்கட்டு மூலையில் சும்மா கிடந்த பெரிய அண்டாவிலிருந்து முதலில் ஒரு முனகலும், பிறகு ஒரு இரைச்சலும், பிறகு தளதளவென்று கொதியும் கிளம்பின. தவமணி கையில் தீப்பெட்டியோடு அண்டாவைப் பார்த்தாள். அண்டாவுக்கு அடியில் வெறும் தரைதான் இருந்தது, தரையும் ஜில்லென்றுதான் இருந்தது. அவள் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, இட்லித் தட்டுகளைத் துணி போட்டு அண்டாவுக்குள்ளேயே அடுக்கி, மாவை ஊற்றி மூடிவிட்டுச் சட்னிக்குத் தேங்காய் துருவப் போனாள். கடைக்கு ஆள் வருகிற நேரம். ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றால் இட்லியை யார் அவிப்பது?

இந்தச் செய்தி ஊரில் பரவியது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பரவுவதற்குள் எல்லார் வீட்டிலும் அது நடந்துவிட்டது. ஜீப் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும், எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் அதிகம் இருந்ததோ அந்தப் பாத்திரத்தைத் தேடி, மலையேறுகிற என்ஜினின் சூடு வந்து சேர்ந்தது. காலையில் ஜீப்புகள் ஊரிலிருந்து மேட்டுக்கு ஏறும்போது ஒரு கொதி. சாயங்காலம் வேலை முடிந்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்துப் பள்ளத்திலிருந்து அதே மேட்டுக்கு ஏறும்போது இன்னொரு கொதி. மேட்டைத் தாண்டி ஊர்ப்பக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டால் அண்டாவும் மூச்சடக்கிவிடும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருந்த மெக்கானிக் சிக்கந்தர் பாய் ஒருநாள் சுருளிவேலோடு மலையேறிப்போய், பானட்டில் கை வைத்தும் காது வைத்தும் பார்த்துவிட்டு வந்து, வண்டி தாங்குகிற சூடு வண்டியிலேயே இருக்கிறது, தாங்காத சூடு மட்டும்தான் வீட்டுக்கு வருகிறது என்று சொன்னார். அந்த விளக்கம் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைத்தது, எதையும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஊர் இதைப் பழகிக்கொண்ட வேகத்தைப் பார்த்திருந்தால் அந்த அதிசயத்துக்கே கொஞ்சம் மனசு சங்கடப்பட்டிருக்கும். பெண்கள் அரிசியைக் களைந்து பானையில் போட்டுவிட்டு வாசல் தெளிக்கப் போனார்கள். ஜீப் கடைசி வளைவைத் திரும்புவதற்குள் சோறு பதமாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் தெருமுனையில் நின்று மணியடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அடிக்காமலே போனான். டிரைவர் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசித்தவர்கள் தாமாகவே ஆள் விட்டுக் கேட்டார்கள். ஸ்கூட்டர் வைத்திருந்த வாத்தியார் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வெதுவெதுப்பானதோடு சரி, அதற்கே அவர் பெண்டாட்டி அந்த டம்ளரைத் தெருவில் எடுத்துவந்து காட்டினாள். கோயில் பொங்கலுக்கு அடுப்பு மூட்டவேண்டாம் என்று முடிவாகி, ஜீப்புகள் எல்லாம் வரிசையாக மலையேற, இங்கே தெரு நெடுகப் பானைகள் ஒரே நேரத்தில் பொங்க, குலவைச் சத்தம் மேடு வரைக்கும் கேட்டதாக டிரைவர்கள் சொன்னார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. விடுவார்களா? யார் வீட்டுப் பானை சீக்கிரம் கொதிக்கிறது என்கிற போட்டி வந்துவிட்டது.

அந்த மலைப்பாதையில், பாதி ஏற்றத்தில், ஊத்தடி வளைவு என்று ஒன்று உண்டு. அங்கே பாறை இடுக்கிலிருந்து கோடையிலும் வற்றாமல் தண்ணீர் ஒழுகும். பக்கத்தில் ஒரு மொட்டைக்கல் நிற்கும். கல்லுக்குப் பெயர் கிடையாது, பூசாரி கிடையாது, ஆனாலும் எந்த ஜீப்பும் அங்கே நிற்காமல் போனதில்லை. கல்லுக்கு ஒரு செம்பு, வண்டிக்கு ஒரு செம்பு, ஆளுக்கு ஒரு செம்பு என்பது அந்த ஊர் டிரைவர்களின் வழக்கம். பெண்கள் இறங்கித் தண்ணீர் குடித்து, தூக்குவாளியைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் என்ஜின் ஆறியிருக்கும். டிரைவர் ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்புவான். இப்போது அங்கே நின்றால் வீட்டில் கொதி நின்றுவிடுகிறது, அரிசி அரைவேக்காட்டில் நின்றுபோகிறது, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அந்தச் சோற்றைத்தான் தின்ன வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவராக நிற்பதை விட்டார்கள். கேன் எதற்கு, அந்த இடத்தில் இன்னொரு ஆளை உட்காரவைக்கலாமே என்று கேனையும் விட்டார்கள்.

பிறகு சிக்கந்தர் பாய் கடைக்கு வந்தவர்கள் கேட்ட வேலைகளை எந்த மெக்கானிக்கும் அதற்குமுன் கேள்விப்பட்டிருக்கமாட்டான். ஃபேன் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடச் சொன்னான் ஒருத்தன். என்ஜினை ஆறவைக்கிற கூலன்ட்டை வடித்துவிட்டு, உப்புப் படிகிற போர்த்தண்ணீரை ஊற்றிக்கொண்டான் இன்னொருத்தன். ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடாமல் மூடியபடியே சிக்கிக்கொண்ட பழைய தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். நல்லது இருக்கிறது தரட்டுமா என்றால் முகத்தைச் சுளித்தார்கள். ரேடியேட்டர் முன்னால் சாக்கைக் கட்டி ஓட்டினார்கள். பாய் முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு கடைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சூடு வீட்டுக்குப் போகிறதே என்று நம்பி என்ஜினைக் கொல்லுகிறீர்கள், வீட்டுப் பானைக்கும் ஒரு அளவு உண்டு, அது தாங்காதபோது மிச்சச் சூடு எங்கே போகும் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டார். சோறு வெந்துகொண்டிருக்கிற ஊரில் யாரும் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லவில்லை.

தவமணி சொன்னாள். பானையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், என் அண்டா கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக்கொடுத்த அண்டா, மலையையே கொதிக்கவைத்தாலும் தாங்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய கடை அந்த மாதிரி நடந்ததே இல்லை. அண்டாவைச் சுற்றிச் சாக்குகளை அடுக்கி, மூடியின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கிவைத்து, ஆவி கொஞ்சமும் வீணாகாமல் பார்த்துக்கொண்டாள். சுருளிவேலுக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தல். அவன் வண்டி விஷயத்தில் ஏற்கெனவே சூடுபட்டவன். கல்யாணமான புதிதில், கொதித்து நின்ற என்ஜினில் அவசரப்பட்டு ஊற்றுத் தண்ணீரைப் பச்சையாக ஊற்றி, என்ஜின் ஹெட் டப்பென்று வெடித்து, அன்றிலிருந்து ஊரில் மற்றச் சுருளிகளிலிருந்து பிரித்துச் சொல்ல அவனுக்கு வெடிச்ச சுருளி என்று பெயராகிவிட்டது. அவன் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, ரேடியேட்டர் முகப்பு முழுக்கப் பூச்சியும் மண்ணும் அப்பிக்கிடக்கிறது, கழுவவேண்டும் என்றான். ஹோஸ் பைப்பில் கசிவு இருக்கிறது, மாற்றவேண்டும் என்றான்.

"சித்திரைத் திருவிழா முடியட்டுங்க" என்றாள் தவமணி. "இப்பத்தான் ரெண்டு ஈடு இட்லி சேத்து வேகுது."

அவனும் தலையாட்டிவிட்டான். பெண்டாட்டி சிரித்த முகமாய்க் கேட்டால் தலையாட்டாத ஆம்பிளை அந்தத் தெருவில் யாரும் இருந்ததில்லை.

சித்திரை வந்தது. அந்த வருஷத்துச் சித்திரையில் தார்ச்சாலை செருப்பில் ஒட்டியது. தவமணியின் ஒரே மகள் நாகஜோதி மேட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் ஏலச்செடிக்கு மருந்தடிக்கிறவன். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவர நல்ல நாள் பார்த்து வைத்திருந்தார்கள், அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. குழந்தை அந்த நாளைக் கேட்டுக்கொண்டு பிறக்குமா? ஒரு நாள் மத்தியானம், கடை முடிந்து தவமணி சட்னிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது மருமகன் போன் செய்தான்.

"அத்தை, ஜோதிக்கு வலி வந்துருச்சு. மாமா வண்டியிலதான் ஏத்தியிருக்கோம். இந்தா கெளம்பிட்டோம்."

அதற்குமேல் பேச்சு கேட்கவில்லை. பள்ளத்தைவிட்டு ஏற ஆரம்பித்தால் ஊர்ப்பக்கம் இறங்குகிறவரைக்கும் அந்தப் பாதையில் போன் எடுக்காது. தவமணி கையைத் துடைத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகப் பழைய சேலைகளைத் தேடி எடுத்து மடித்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அண்டா முனகியது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏற்றத்தில் ஏறுகிறார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடு, அப்புறம் இறக்கம், அப்புறம் ஆஸ்பத்திரி. சேலையை மடித்துக்கொண்டே அண்டாவோடு பேசினாள். வா, வா, சீக்கிரம் வா என்றாள்.

பிறகு அண்டாவின் சத்தம் மாறியது. அது கொதிக்கிற சத்தமாக இல்லை. அடியில் யாரோ உலக்கையால் இடிக்கிற மாதிரி இருந்தது. மூடியின் மேல் இருந்த குழவி நடுங்கியது. பின்னால் இருந்த சுவர் வியர்த்தது. சமையல்கட்டில் ரப்பர் கருகுகிற வாசம் வந்தது, அந்த வீட்டில் ரப்பர் என்று எதுவுமே அடுப்புப் பக்கம் கிடையாது. அப்போதுதான் தவமணிக்கு ஞாபகம் வந்தது: காலை வியாபாரத்தில் அண்டாத் தண்ணீர் முக்கால்வாசி வற்றிவிட்டது, அவள் திருப்பி நிரப்பவில்லை. அடியில் ஒரு சாண் தண்ணீர்கூட இருக்காது. அந்த ஒரு சாண் எவ்வளவு சூட்டைத் தாங்கும்? ஹோஸில் கசிந்து கசிந்து அங்கே ரேடியேட்டரிலும் இதே கதிதான் இருக்கும். வண்டியில் கேன் இல்லை. அந்தப் பக்கத்து ஏற்றத்தில் ஊற்றும் இல்லை. என்ஜின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், வேறு வண்டி வருவதற்குச் சாயங்காலம் ஆகும், அதுவரைக்கும் அந்த வெயிலில், அந்த வளைவில், வலியோடு அவள் பிள்ளை.

"நானே என் பிள்ளையை அடுப்புல வச்சுட்டேனே" என்றாள் தவமணி, சத்தமாக, யாருமில்லாத வீட்டில்.

அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். அவள் புருஷனும் ஜீப் டிரைவர்தான், அன்றைக்கு அவன் வண்டி தோட்டத்தில் நின்றிருந்தது. நிலைமையைப் பார்த்த மாத்திரத்தில் அவள் குழவியைத் தள்ளி மூடியைத் திறக்கக் கை நீட்டினாள். தவமணி அந்தக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மூடிக்குள் ஆவி எவ்வளவு கோபத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சூடாக இருக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இவர்கள் போட்ட இரைச்சலில் தெருவே கூடிவிட்டது. ஒருத்தி வாளியில் கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிவந்தாள். இன்னொருத்தி ஐஸ் கம்பெனிக்கு ஆள் அனுப்பிப் பாளமாக வாங்கிவந்து அண்டாவில் போடலாம் என்றாள்.

"பச்சத்தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது மதினி" என்றாள் தவமணி. "இங்க ஊத்துனா அங்க வெடிக்கும். நான் வெடிச்ச சுருளி பொண்டாட்டி, எனக்குத் தெரியும்."

சூடு மேலேயிருந்து இங்கே வருமானால், இங்கே செய்வது மேலே போய்ச் சேராதா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டு உட்கார நேரமில்லை, அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவளுக்குப் பட்டது, மற்றவர்களுக்கும் பட்டது. முதலில் அண்டாவைச் சுற்றி அடுக்கியிருந்த சாக்குகளைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு சிரட்டையை எடுத்து, பக்கவாட்டில் கெட்டியாக அப்பியிருந்த மாவையும் கரியையும் சுரண்டினாள். முற்றத்துக் கதவையும் தெருக்கதவையும் விரியத் திறக்கச்சொன்னாள். பெண்கள் வீட்டுக்கு வீடு போய் முறத்தைக் கொண்டுவந்து, அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து, நெல் தூற்றுகிற மாதிரி ஒரே தாளத்தில் வீசத் தொடங்கினார்கள். யாரோ கூப்பிட்டுச் சிக்கந்தர் பாய் வந்தார். அவர் வாசற்படியிலேயே நின்று, பானட்டைப் பார்க்கிற மாதிரி அண்டாவைப் பார்த்தார்.

"சரியாத்தான் செய்யிற தங்கச்சி" என்றார். "இனி பொறுக்கிறதுதான் வேலை. தொடுற சூட்டுக்கு வாரவரைக்கும் மூடியத் தொடாத."

பொறுப்பதைப் போலக் கஷ்டமான வேலை தவமணி வாழ்நாளில் செய்ததில்லை. மாவாட்டியிருக்கிறாள், மலையில் மூட்டை சுமந்திருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள். அதிலெல்லாம் கைக்கும் காலுக்கும் வேலை இருந்தது. இப்போது முறத்தை வீசிக்கொண்டு மூடியையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எதுவும் செய்யக்கூடாது. அந்த மூடியைத் தூக்கி உள்ளே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிடவேண்டும் என்று அவள் கை துடித்த ஒவ்வொரு தடவையும், கல்யாணமான புதிதில் கரி பூசிய முகத்தோடு வெடித்த ஹெட்டைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்ற சுருளிவேலை நினைத்துக்கொண்டாள்.  முறங்கள் ஃபேன் சுற்றுகிற மாதிரிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தன.

கொஞ்சங் கொஞ்சமாக இடிச்சத்தம் தணிந்தது. குழவி நடுங்குவது நின்றது. சுவர் வியர்வை காய்ந்தது. பாய் வந்து புறங்கையை அண்டாவில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். தவமணி ஈரத்துணியைப் போட்டு, குழவியை இறக்கி, மூடியைக் கால்வாசி நகர்த்தினாள். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு முழுசாக எடுத்தாள். அடியில் ஒரு கை அள்ளும்படிகூடத் தண்ணீர் இல்லை. இப்போது ஊற்றவேண்டும், ஆனால் பச்சைத்தண்ணீர் கூடாது, வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். அடுப்பு மூட்டிக் காய்ச்சலாம் என்றால் அந்தத் தெருவில் அடுப்புப் பற்றவைத்தே மாதங்கள் ஆகிவிட்டன, விறகும் இல்லை, சிலிண்டரும் இல்லை.

பஞ்சவர்ணம்தான் சொன்னாள். "எங்க வீட்டுப் பானையில காலையில காஞ்ச தண்ணி இன்னும் வெதுவெதுன்னுதான் மதினி கெடக்கு."

எல்லார் வீட்டிலும் அப்படித்தான் கிடந்தது. காலையில் மலையேறிய ஒவ்வொரு ஜீப்பின் சூடும் அவரவர் பானையில் பாதி ஆறி, கை பொறுக்கிற பதத்தில் இருந்தது. பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தெரு முழுக்கச் செம்புகளும் குடங்களும் போசிகளும் கை மாறிக் கை மாறி வந்தன; வாத்தியார் பெண்டாட்டி அந்த டம்ளரைக் கொண்டுவந்தாள். தவமணி செம்பு செம்பாக, ஓரத்தில் சரித்து, மெதுவாக ஊற்றினாள். பஞ்சவர்ணம் ரசத்துக்கு வைத்திருந்த தண்ணீரை அப்படியே கொண்டுவந்துவிட்டாள்போல, அதில் ஒரு கறிவேப்பிலை மிதந்தது. எடுத்துப்போட நேரமில்லாமல் அதையும் சேர்த்து ஊற்றினாள். எவ்வளவு ஊற்றியும் அண்டாவில் தண்ணீர் ஏறவில்லை. ஒழுகவும் இல்லை, கொதித்து வற்றவும் இல்லை. ஊற்ற ஊற்ற எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் நிறுத்தவில்லை.

தெருவின் பாதிப் பானைகள் காலியான பிறகு அண்டாவின் அடி நனைந்தது. பிறகு ஒரு விரல் ஏறியது. பிறகு ஒரு சாண். பிறகு தண்ணீர் மேலே மெல்லிய நடுக்கம் ஒன்று ஓடியது, என்ஜின் ஓடும்போது ஜீப் கண்ணாடி நடுங்குமே அந்த மாதிரி. தவமணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அண்டா இதமாக முனகியது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அவசரப்படாமல் ஏறுகிற வண்டியின் முனகல் அது, அவளுக்குத் தெரியாதா? முனகல் நீண்டுகொண்டே போய், சட்டென்று லேசாகி, அடங்கியது.

"மேடு தாண்டிட்டாங்க" என்றாள் தவமணி.

அவள் அண்டா விளிம்பை விட்டாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள், பஞ்சவர்ணம் அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், பெண்கள் அங்கங்கே செம்புகளோடு உட்கார்ந்தார்கள். யாரோ ஒருத்தி சிரிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் சிரித்தார்கள், தவமணி அழுதுகொண்டே சிரித்தாள். நெஞ்சில் இருந்த குழவியை யாரோ இறக்கிவைத்த மாதிரி அவளுக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவில் சுருளிவேலின் ஹாரன் கேட்டது. அவள் மடித்துவைத்த சேலைகளை அள்ளிக்கொண்டு ஓடி, வண்டி முழுசாக நிற்பதற்குள் பின்னால் ஏறி, மகளின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். நாகஜோதி வியர்த்துப்போயிருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் கண் தெளிவாக இருந்தது. வெயில் சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸம்மா வந்து சொன்னாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் சுருளிவேல் மேலே நடந்ததைச் சொன்னான். மேட்டுக்குச் சற்றுக் கீழே வண்டி இழுவை குறைந்து, பானட்டிலிருந்து ஆவி பீறிட்டதும், வெடிச்ச சுருளி இந்தத் தடவை அவசரப்படவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜோதியைத் தவிர எல்லாரையும் இறக்கி, பானட்டைத் திறந்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். ஊற்றத் தண்ணீரும் இல்லை. அப்போது என்ஜினுக்குள்ளிருந்து காற்று வந்ததாம். முறத்தால் வீசுகிற காற்று, வீட்டு வாசத்தோடு.

"மூடி கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தப்புறம் தொறந்தேன்" என்றான். "தண்ணி தானா ஏறி வருது தவமணி. மேல ஒரு கருவேப்பிலை மெதக்குது."

தவமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹோஸை நாளைக்கே மாற்றுங்க என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் சிக்கந்தர் பாய் கடைவாசலில் நின்ற ஜீப்புகளின் வரிசை பேருந்து நிறுத்தத்தையும் தாண்டியது. பெல்ட் இறுக்கினார்கள், பழைய ஹோஸைக் கழற்றிப்போட்டார்கள், உப்புப் படிந்த ரேடியேட்டர்களைக் கழுவிக் கூலன்ட் ஊற்றினார்கள், சிக்கிக்கிடந்த தெர்மோஸ்டாட்டுகளை எடுத்தெறிந்தார்கள். சுருளிவேல் ரேடியேட்டர் முகப்பைக் கழுவ உட்கார்ந்தபோது, தவமணி அவன் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கித் தானே கழுவினாள். செத்த பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். ஊத்தடி வளைவில் கல்லுக்கு ஒரு செம்பு, வண்டிக்கு ஒரு செம்பு, ஆளுக்கு ஒரு செம்பு திரும்பவும் விழத்தொடங்கியது. கேன்கள் திரும்பி வந்தன. மறுபடியும் அடுப்புப் புகையில் கண்ணெரிகிறதே என்று பஞ்சவர்ணம் முணுமுணுத்துக்கொண்டே விறகு ஒடித்தாள், சிலிண்டர்காரன் திரும்பி வந்து மணியடித்தான். காலையில் புருஷன்மாரை அனுப்பும்போது போயிட்டு வாங்க என்று சொல்வதை விட்டுவிட்டு, தண்ணி பாத்தாச்சா என்று கேட்பது அந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. என்ஜின் ஆறியிருக்கிற அந்த விடியற்காலையில் பார்ப்பதுதான் பார்வை என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

அதிசயம் போய்விடவில்லை. ஆரோக்கியமான வண்டிகள் அனுப்பின சூடு குறைவாக இருந்தது, அவ்வளவுதான். காலையிலும் சாயங்காலமும் பானையில் கை வைத்தால் இதமாக இருக்கும். இதமாக இருந்தால் மேலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முன்பு சோற்றுக்காகப் பானையைப் பார்த்தவர்கள் இப்போது மனசு நிம்மதிக்காகத் தொட்டுப் பார்த்தார்கள். ஜீப் இல்லாத வீட்டுப் பெண்கள்கூடப் போகிற போக்கில் உள்ளே வந்து தொட்டுவிட்டுப் போனார்கள்.

நாகஜோதியையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்துவந்த சாயங்காலம், சுருளிவேல் தோட்டத்திலிருந்து பெண்களை இறக்கிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், ரோட்டுப் பள்ளத்தில் ஒரு சக்கரமும் விழாமல் ஓட்டிவந்தான். தவமணி ஆரத்தி எடுத்து, குழந்தையை வாங்கி, வேப்பெண்ணெய் விளக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தடவினாள். வெந்நீர் போடட்டுமா மதினி என்று பஞ்சவர்ணம் அடுப்பைப் பார்த்துப் போனாள். வேண்டாம் என்றாள் தவமணி. அண்டாவை இழுத்துப் பக்கத்தில் வைத்து, முழங்கையை விட்டுப் பார்த்தாள். அவன் கவனமாக மலையேறி வந்த சூடு அப்படியே இருந்தது, பச்சைப்பிள்ளைக்கு ஊற்றுகிற அதே சூடு. முதல் செம்பை ஊற்றியதும் வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இது என்ன தண்ணீர் என்கிற மாதிரி அவளைப் பார்த்தது.

"உங்க தாத்தா வண்டித் தண்ணிடி" என்றாள் தவமணி, அடுத்த செம்பை மொண்டபடி.